வண்டியில் ஏறாத பிள்ளை



அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரே பேச்சுத்தான்: ‘இந்த ஆண்டு எந்த ஊருக்கு?’ மக்தபில் ஓதும் சிறுவர்கள் முதல் கல்லூரிக்குச் செல்லும் இளைஞர்கள் வரை இக்கேள்வியையே கேட்டுக் கொண்டிருப்பார்கள். காவிரிப் படுகையில் ஏறக்குறைய 300 வீடுகளைக் கொண்ட சிறிய மஹல்லா எங்களுடையது. ஆண்களில் பெரும்பகுதியினர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கிறார்கள். அத்தா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாளாவது வெளியூர் அழைத்துச் சென்று வர வேண்டும் என்ற எண்ணத்தில் 2009-இல் தொடங்கிய வழக்கம் இது. தமிழகத்தின் பல மஹல்லாக்களில் இத்தகைய பயணங்கள் நடக்கின்றன. இப்பக்கத்தை வாசிப்போரில் அவற்றை நடத்துபவர்களும் இருக்கக்கூடும். அவர்களை எண்ணியே இம்மாதம் எழுதுகிறேன். எழுதப் போவதில் என் தவறும் அடங்கியிருக்கிறது.

தொடக்கத்திலிருந்தே அந்தப் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில்தான் இருந்தது. கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சகோதரர் அவர். பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ‘பாய் மாமா’. வண்டி பேசுவது அவர். பண்டாரியிடம் எத்தனை தேக்சா என்று சொல்வது அவர். வீடு வீடாகச் சென்று பணம் வசூலிப்பது, வசூலாகாததைத் தம் கல்லாவிலிருந்து போடுவது, வழியில் வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைப்பது, அனுமதிக் கடிதத்துக்காக அலுவலகங்களுக்கு நடையாய் நடப்பது, எல்லாம் அவரே. ஜமாஅத்தின் செயலாளர் என்ற முறையில் நான் செய்ததெல்லாம், ஆண்டறிக்கையில் ‘இளைஞர் சுற்றுலா சிறப்புற நடைபெற்றது’ என்று ஒரு வரி எழுதியதும், ‘அல்ஹம்துலில்லாஹ், அவர் இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை’ என்று சொல்லித் திரிந்ததும்தான்.

கவலை அவர் வீட்டில் இருந்தது. 2016 நவம்பரில் ஒருநாள் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து என் துணைவியாரிடம் பேசியது, திண்ணையில் அமர்ந்திருந்த என் காதிலும் விழுந்தது.

“அக்கா, அண்ணனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மாதம் இவர் எங்கள் வீட்டு ஆளாகவே இல்லை. இரவு பதினோரு மணிக்குக் கணக்கு எழுதுகிறார். சுபுஹுக்கு முன்னால் எழுந்து வண்டிக்காரருக்குப் போன் போடுகிறார். போன வருஷம் எங்கள் மகன் காய்ச்சலில் படுத்திருந்தான். அவனை விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். நன்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, அக்கா. ஆனால் இந்த நன்மையில் ஊரில் வேறு யாருக்குமே பங்கு வேண்டாமா?”

மறுநாளே அவரைக் கடையில் சென்று பார்த்தேன். பொறுப்புகளைச் சில இளைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமே என்றேன். அவர் சிரித்தார். “சொல்லிக் கொடுத்துச் செய்ய வைப்பதற்குள் நானே செய்துவிடுவேன் அண்ணே” என்றார். நீண்ட காலம் ஒரு பணியைத் தனியே சுமந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். அது ஆணவம் அன்று, பழக்கம். நான் விடவில்லை. பள்ளிவாசல் அலுவலறைக்குத் திரும்பி, ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து இளைஞர்களின் பெயர்களை எழுதி, ‘சுற்றுலாப் பணிக்குழு’ என்று தலைப்பிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். யாருக்கு எந்த வேலை என்று அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை. ‘அனைவரும் ஒத்துழைத்துச் செய்யவும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு ஊரே வங்கி வாசலில் நின்ற நாட்கள் அவை. பணம் வசூலிக்கும் பாட்டிலேயே பாயின் கவனம் முழுவதும் கரைந்தது. நானோ பொறுப்பைப் பங்கிட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன்.

அவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில் கோடியக்கரைக்குச் சென்றார்கள். இரண்டு வேன்கள், 41 பிள்ளைகள், ஆறு பெரியவர்கள். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளிமான்கள் துள்ளியோடுவதையும், உப்பங்கழியில் பூநாரைகள் நிற்பதையும் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர். திரும்பும் வழியில் மஃரிப் நேரமாகிவிட, சாலையோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் இறங்கித் தொழுதனர். தொழுகை முடிந்தது. ‘எல்லாரும் ஏறியாச்சா?’ என்று பாய் முதல் வண்டியிலிருந்து குரல் கொடுத்தார். ‘ஏறியாச்சு’ என்று இரண்டாம் வண்டியிலிருந்து யாரோ சொன்னார்கள். வண்டிகள் புறப்பட்டன.

ஆறாம் வகுப்புப் படிக்கும் 11 வயதுச் சிறுவன் ஒருவன் பின் வரிசைத் தூணுக்குப் பின்னால் உறங்கிக் கொண்டிருந்தான். காலையில் அவன் முதல் வண்டியில் வந்தவன்; நண்பனோடு அமர்வதற்காக நண்பகலில் இரண்டாம் வண்டிக்கு மாறியவன். முதல் வண்டியினர் அவன் இரண்டாவதில் இருப்பதாக எண்ணினர். இரண்டாவதில் இருந்தவர்கள், தன் பழைய இடத்துக்குப் போய்விட்டான் என்று எண்ணினர். என் வெள்ளைத்தாளில் இடம்பெற்ற ஐந்து இளைஞர்களும் அந்த இரு வண்டிகளில்தான் இருந்தார்கள். தலை எண்ணுவது மற்ற நால்வரில் ஒருவருடைய வேலை என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் பாய் யாரிடமும் சொல்லாமல் தம் மனத்துக்குள்ளேயே எண்ணிவிடுவார். குழு ஒன்று வந்துவிட்டதே என்று அம்முறை அவரும் எண்ணவில்லை.

இஷாவுக்குப் பாய் விரிக்க வந்த மோதினார்தான் பிள்ளையைக் கண்டார். பையன் அழுதானாம். ஆனால் அம்மாவின் கைப்பேசி எண் அவனுக்கு மனப்பாடம். வண்டியில் இருந்தவர்கள் அறியுமுன்னே, முன்பின் அறியாத ஒரு முதியவரின் குரல் அந்தத் தாய்க்குக் கேட்டது: “பயப்படாதே அம்மா, உன் மகன் எங்கள் பள்ளியில் இருக்கிறான்.” அவர் தெருவுக்கு ஓடி வந்தார். பாயின் கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்து போயிருந்தது. வண்டியில் வேறு யார் யார் இருக்கிறார்கள், ஓட்டுநரின் எண் என்ன, எந்த வழியாக வருகிறார்கள் என்பதை அறிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. என்னிடமும் ஒரு பட்டியல் இல்லை. ஷார்ஜாவிலிருந்து பையனின் தந்தை என்னை அழைத்து, “அண்ணே, என் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்?” என்று கேட்டார். செயலாளராகிய என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சுமார் நாற்பது நிமிடங்கள் கழித்துத் திருத்துறைப்பூண்டியில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் ஒருவன் குறைவது தெரிந்து ஒரு வண்டி திரும்பிப் பறந்தது. மோதினார் அவனுக்குத் தேநீரும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துத் தம் அருகிலேயே அமர்த்தியிருந்தார்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பத்து நாட்களுக்குப் பின் கூடிய கூட்டத்தில் எல்லாச் சொல்லும் பாயின் மீதே விழுந்தது. பொறுப்பில்லாதவர் என்றார் ஒருவர். ஏழு ஆண்டுகள் ஒரு ரூபாய்கூடத் தமக்கென எடுக்காமல் ஊர்ப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாய்ச் சுமந்தவர் அவர். அந்த வெள்ளைத்தாளை ஒட்டியவன் நான் என்று அச்சபையில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். அவர் கணக்குக் குறிப்பேட்டை மேசைமீது வைத்துவிட்டு, சலாம் சொல்லி வெளியேறினார். அடுத்த ஆண்டு சுற்றுலா இல்லை.

பொறுப்பேற்க விரும்புவோர் தெரிவிக்குமாறு 2017-இல் இளைஞர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். முப்பதுக்கும் மேற்பட்ட கட்டைவிரல்கள் உயர்ந்தன. கூட்டத்துக்கு வந்தவர்கள் நால்வர். அவர்களிலும் இருவர் வேறு அலுவலாகப் பள்ளிக்கு வந்தவர்கள்!

அந்நாட்களில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் பின்தங்க நேர்ந்த வரலாறு அடிக்கடி என் நினைவுக்கு வரும். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்துமாலையைத் தேடி அன்னையவர்கள் ஒதுங்கிச் சென்றிருந்தார்கள். அவர்களுடைய சிவிகையை ஒட்டகத்தின் மீது தூக்கி வைத்தவர்கள், அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டனர். படை புறப்பட்டுவிட்டது. திரும்பி வந்த அன்னையவர்கள், தம்மைக் காணாது தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையில் அதே இடத்தில் தங்கினார்கள். படைக்குப் பின்னால் வந்து கொண்டிருந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் கண்டு, தம் ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். அதன்பின் நயவஞ்சகர்கள் கிளப்பிய அவதூறையும், அல்லாஹ் தன் வேதத்தில் அன்னையவர்களின் தூய்மையை அறிவித்ததையும் நாம் அனைவரும் அறிவோம். சிவிகையைத் தூக்கியவர்கள் கவனமற்றவர்களல்லர். நல்லவர்கள், கடமையைச் செய்தவர்கள். உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள், அவ்வளவே. நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வந்து, நலிந்தோரின் வாகனத்தை முன்னோக்கிச் செலுத்தி, நடக்க இயலாதவரைத் தம்முடன் ஏற்றிக் கொண்டு, அவர்களுக்காக துஆச் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவித்திருப்பதும் அபூதாவூதில் இருக்கிறது. கடைசியில் வருவது கூட ஒரு பொறுப்பு. எங்கள் வண்டிகளில் முன்னிருக்கைக்குப் போட்டி இருந்தது. கடைசி ஆளாக ஏறுவதற்கு ஒருவரும் இல்லை.

மாற்றம் நாங்கள் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. சுற்றுலாவுக்கு ஆள் வராத அதே இளைஞர்கள் சுபுஹுக்குப் பின் பள்ளி முற்றத்தில் கூடினார்கள். யாரும் அறிவிப்புச் செய்யவில்லை. தார்ப்பாய் வாங்குவதை ஒருவன் ஏற்றான். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற ஜெனரேட்டர் பிடிப்பதை மற்றொருவன் ஏற்றான். இருவர் தெருத் தெருவாகச் சென்று கூரையிழந்த வீடுகளை, முஸ்லிம் வீடு பிற சமயத்தார் வீடு என்று பாராமல், எண்ணி எழுதினார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி, பள்ளிச் சுவரில் ஒரு தாளை ஒட்டினான். அதில் நான்கு கட்டங்கள்: வேலை, பெயர், கைப்பேசி எண், அவர் வர இயலாவிட்டால் செய்பவர் பெயர். அந்த நான்காம் கட்டத்தைப் பார்த்துக் கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒட்டிய தாள் அதே சுவரில், இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

பாயும் வந்தார். கடையிலிருந்த ஆணி, கம்பி, கயிறு அனைத்தையும் கொண்டு வந்து கொட்டிவிட்டு, “எனக்கு என்ன வேலை?” என்று அந்தப் பாலிடெக்னிக் தம்பியிடமே கேட்டார். வெளியூருக்குச் சென்ற முதல் வண்டியில் ஏற்றிய தார்ப்பாய்களில் ஒரு கட்டு, அன்று எங்கள் பிள்ளையைக் காத்த மோதினாரின் ஊருக்குப் போனது.

2019 நவம்பரில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் மீண்டும் சுற்றுலா பற்றி மஷூரா செய்தோம். இம்முறை நான் முதலில் எழுந்து, 2016-இல் நடந்ததற்கு நானே பொறுப்பு என்று சொன்னேன். மூன்று ஆண்டுகள் தாமதமான சொல். பாய் தலைகுனிந்திருந்தார், எதுவும் சொல்லவில்லை. பிறகு எங்கள் இமாம் ஹஜ்ரத் அவர்கள் பேசினார்கள். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதைச் சொல்லி, “அமீர் என்றால் எல்லா வேலையையும் செய்பவர் என்று நம் ஊரில் பொருள் வைத்துவிட்டோம்” என்றார்கள். பிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்களே, தம் சகோதரர் ஹாரூனைத் தமக்கு உதவியாளராக்கித் தம் பணியில் கூட்டாக்குமாறு இறைவனிடம் வேண்டியதைத் தாஹா அத்தியாயத்திலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அதன் பின் ஹிஜ்ரத்தைப் பற்றிச் சொன்னார்கள். எத்தனையோ முறை கேட்ட வரலாறுதான். ஆனால் ஒரு பயண ஏற்பாடாக அதை நான் அதுவரை கண்டதில்லை.

கி.பி. 622. உலக வரலாற்றின் போக்கையே மாற்றிய பயணம். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தவ்ருக் குகையில் மூன்று இரவுகள் தங்குகிறார்கள். அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் இளைஞர். இரவைக் குகையில் கழித்து, விடியுமுன் மக்காவுக்குத் திரும்பி, அங்கேயே உறங்கி எழுந்தவர் போலக் குறைஷிகளிடையே உலவி, அவர்கள் பேசுவதைக் கேட்டு இருட்டியபின் செய்தி கொண்டு வருகிறார். அபூபக்ரிடம் பணிபுரிந்த ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை மேய்த்தபடி இரவில் குகைப் பக்கம் ஓட்டி வந்து பால் கொடுக்கிறார். பயண உணவை அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டிக் கொடுக்கிறார். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிராதவர். பாலைவழி அறிந்தவர், நம்பத் தகுந்தவர் என்பதால் இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து வருமாறு நேரம் குறிக்கிறார்கள். அவரும் அப்படியே வருகிறார். அலீ (ரலி) அவர்களுடைய வேலை ஊரில் தங்குவது. மக்கள் நபியவர்களிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் புறப்பட வேண்டும்.

“செய்தி கொண்டு வந்தவர் ஆடு மேய்க்கவில்லை, ஆடு மேய்த்தவர் வழிகாட்டவில்லை. தத்தம் வேலை எது, எந்த நேரத்தில் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. இவர்களில் பலர் இளையவர்கள்” என்று ஹஜ்ரத் முடித்தார்கள். ஊரில் தங்குவதும் ஒரு வேலை என்ற இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக் கொண்டேன்: பயண நாள் முழுவதும் வீட்டில் தொலைபேசி அருகில் இருப்பது, ஒவ்வொரு பிள்ளையின் பெயர், தாயின் எண், ஓட்டுநரின் எண், தங்குமிடங்கள், நேரம் அனைத்தும் அடங்கிய பட்டியலை வைத்திருப்பது, வண்டி ஒவ்வோர் இடத்திலிருந்து புறப்படும்போதும் வரும் செய்தியைக் குறித்துக் கொள்வது. வயதானவருக்கு ஏற்ற வேலை என்று தம்பிகள் கேலி செய்தார்கள்.

மற்ற வேலைகளையும் அன்றே பிரித்தோம். தரங்கம்பாடி என்று முடிவாயிற்று. இரண்டு வேன்கள் வேண்டாம், ஒரே பேருந்து போதும் என்றார்கள். வண்டியை ஏற்றவர் அதன் தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் நேரில் பார்க்க வேண்டும். முந்தைய இரவு ஓட்டுநர் உறங்கியிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். (கேட்டபோது ஓட்டுநர் வியந்து போனாராம், பேட்டாவைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள், தூக்கத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாராம்.) பணத்தை ஒருவர் வைத்திருப்பது, மற்றொருவர் எழுதுவது என்றாயிற்று. கடனை எழுதி வைப்பது பற்றிய வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. நாமோ ‘நமக்குள் என்ன கணக்கு’ என்று பெருந்தன்மை பேசிப் பிறகு மனக்கசப்பு அடைகிறோம். பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் அவ்விருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியலாகாது என்று பாய் ஒரு நிபந்தனை சொன்னார். அன்றுதான் தெரிந்தது, ஏழு ஆண்டுகளாக அவர் எத்தனை வீடுகளின் மானத்தைக் காத்திருக்கிறார் என்பது. ஒரே ஆளின் நினைவில் மட்டும் இருந்த இத்தகைய நுணுக்கங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரு தம்பி எழுதிக் கொண்டான். ஒரு மாலை முழுவதும் பிடித்தது. எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எவன் இரவில் பயப்படுவான், எந்த இருவரை அருகருகே உட்கார வைக்கக் கூடாது என்பது வரை!

தொழுகைக்குப் பொறுப்பானவர் முன்கூட்டியே வழியிலுள்ள பள்ளிகளில் சொல்லிவைக்க வேண்டும். பயணத்தில் சுருக்கியும் சேர்த்தும் தொழுவதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எங்கள் ஊரில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் கலந்து வாழ்கிறோம். வண்டியில் இளைஞர்கள் தர்க்கம் செய்து கொள்ளாமல், புறப்படுமுன் ஹஜ்ரத்திடம் கேட்டு எழுதிக் கொள்வது என்று வைத்தோம். கோட்டையைப் பற்றிச் சொல்லும் பொறுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏற்று, 1620-இல் டேனியர்கள் கட்டியதும் 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றதுமான வரலாற்றைப் படித்து வைத்தான். கடலைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். முடிவில் கணுக்காலுக்கு மேல் நீர் கூடாது என்றும், நீச்சல் அறிந்த இருவர் கடலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் நிற்க வேண்டும், அவர்கள் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது என்றும் வைத்தோம்.

உணவுப் பொறுப்பு 19 வயது இளைஞனிடம் போனது. பொறுப்பைக் கொடுத்தபின் கையை விலக்கிக் கொள்வது எவ்வளவு கடினம் என்பதை அங்கே கண்டோம். பயணத்துக்கு முந்தைய இரவு, கறிக்கடை வாசலில் பாய் நின்று கொண்டிருந்தார். அந்த இளைஞன் அருகில் சென்று, “மாமா, நீங்கள் வீட்டுக்குப் போங்கள். தவறினால் என்னைத் திட்டுங்கள்” என்றான். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்துவிட்டு, உண்மையாகவே வீட்டுக்குப் போனார். தாளிச்சாவில் உப்புக் குறைந்துவிட்டது. அதனால் யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. அடுத்த முறை சரியாக இருந்தது.

அடுத்த முறை வருவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின என்பது வேறு. 2020-இலும் 2021-இலும் கொரோனாவால் பயணம் இல்லை. 2022-இல் மீண்டும் கூடியபோது, பாயின் மனைவி வேறு நான்கு பெண்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அஸ்மா (ரலி) கதையை மஷூராவில் ஹஜ்ரத் சொன்னதாக இவர் வந்து சொன்னார். அப்படியிருந்தும் உங்கள் நான்கு கட்டத் தாளில் ஒரு பெண் பெயர்கூட இல்லை, அண்ணே. எங்கள் பெண்பிள்ளைகள் 2009-லிருந்து வாசலில் நின்று கையசைத்துக் கொண்டே இருக்கிறார்கள்.”

பெண்பிள்ளைகளுக்கென்று தாய்மார்களே ஒருநாள் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் மஷூராவில் எழுந்த முதல் கேள்வி, வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்பது. எங்கள் பயணங்களில் அதை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இருவர் முந்தைய வாரமே பேருந்தில் சென்று அந்த வழியைப் பார்த்து வந்தார்கள். அதற்கு எதிர்ப்பும் இருந்தது; இன்றும் எங்கள் மஹல்லாவில் சிலர் அதை ஒப்பவில்லை. அவர்களுடன் பேசிக் கொண்டுதான் இருக்கிறோம்.

தலை எண்ணும் வேலை யாரிடம் போனது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. 2019 நவம்பர் மஷூராவில் அதைப் பெரியவர் ஒருவருக்குக் கொடுப்பதா, இருவருக்குக் கொடுப்பதா என்று பேசிக் கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தூணுக்குப் பின்னால் உறங்கிப் போன பிள்ளை. அப்போது 14 வயது. சபை சற்று நேரம் அமைதியாயிற்று. “அவனுக்கு மாற்றாள் நான்” என்றார் பாய்.

தரங்கம்பாடியிலிருந்து திரும்பும் வழியில் மஃரிபுக்கு ஒரு பள்ளியில் இறங்கினார்களாம். தொழுகை முடிந்து எல்லாரும் ஏறியபின், அவன் பட்டியலை வைத்துக் கொண்டு ஒவ்வோர் இருக்கையாக எண்ணினான். 52 பேரும் சரியாக இருந்தார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவனோ நிறுத்தச் சொல்லி இறங்கிப் பள்ளிக்குள் ஓடினான். “அதுதான் 52 பேரும் இருக்கிறோமே, எங்கேயடா போகிறாய்?” என்று பாய் கேட்டதற்கு, “தூணுக்குப் பின்னால் பார்த்துவிட்டு வருகிறேன் மாமா” என்றானாம்.

மாலை 6.40 மணிக்குப் புறப்பட்டதாக எனக்குச் செய்தி வந்தது. குறித்துக் கொண்டேன். அதன்பின் மூன்று தாய்மார்கள் அழைத்தார்கள்; மூவருக்கும் பதில் சொல்ல முடிந்தது. இரவு ஒன்பதே காலுக்கு வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கித் தத்தம் வீட்டு வாசலை அடைய அடைய, அவன் என் திண்ணைக்கு வந்து பெயர்களை வாசித்தான். நான் என் பட்டியலில் ஒவ்வொன்றாகக் கோடிட்டேன். கடைசிப் பெயர் அவனுடையது.